அட்டைக் கடிகாரம்

பேரங்காடி வாகன நிறுத்தத்தில்
தொண்ணூறு நிமிடம் இலவசம்.
வந்த நேரத்துக்கு முள்ளைக் கையால் திருப்பி
முன்கண்ணாடிக்குக் கீழே வைக்க வேண்டும்
நீல அட்டைக் கடிகாரத்தை.
நாலு மணிக்கு வைக்கிறேன்.
அதற்குமேல் அது நகராது.
ஓஸ்ட்ராவாவில் எனக்குத் தெரிந்து
சொன்ன பேச்சு கேட்கும் ஒரே கடிகாரம்.

நாலரைக்கு மழலையர் பள்ளியில் நிற்க வேண்டும்.
போக எட்டு நிமிடம்.
மிச்சம் இருபத்திரண்டு,
நாள் எனக்குப் போடும் கொசுறு.

வரி அலுவலக லிப்டில் இறங்கும்போதே
நாணல் கீற்றை வாயில் அடக்கிக்கொள்வேன், ஊறட்டும் என்று.
"நாளைக்குப் பார்ப்போம், வெந்துலா."
தலையை மட்டும் ஆட்டுவேன்.
புதிதாக வந்த டாக்மார்
இவள் யாரோடும் பேசாதவள் என்று
முடிவுகட்டியே விட்டாள்.

வீட்டில் வாசித்துப் பார்த்தாயிற்று.
கீழ்வீட்டு ஹவ்லிச்செக் பகலில் தூங்குகிறவர்,
துடைப்பக் கட்டையால் கூரையைத் தட்டினார்,
அதுவும் தாளம் தப்பி.
அலமாரிக்குள் கோட்டுகளின் நடுவே நின்று வாசித்தேன்.
கோட்டுகள் எல்லாவற்றையும் தின்றுவிட்டன.
பிறகு மூன்று வருடம் தொடவில்லை.
நேரமில்லை என்று சொல்லிக்கொண்டேன்.
உருளைக்கிழங்கு தோல் சீவ நேரம் இருந்தது.

நேரம் ஒதுக்கு, நேரம் ஒதுக்கு என்கிறார்கள்.
ஒதுக்கிவைக்க என்னிடம் மூட்டையா இருக்கிறது?
நான் ஒதுங்கினேன்.
மழைக்கு யார் வீட்டுக் கூரையடியிலோ
நிற்பதுபோல.

ஜனவரிக் குளிரில் மரம் வெடிக்கும்.
அதனால் பிளாஸ்டிக் கிளாரினெட், கோட்டுக்குள் சூடாக.
இருக்கையைப் பின்தள்ளி
ஸ்டியரிங்கில் இசைத்தாளைச் சாய்த்து
முழங்கை கதவில் இடிக்க இடிக்க
கீழ்ச் சுரங்களிலிருந்து தொடங்குவேன்.
மூச்சு கண்ணாடியில் படரும்.
முதலில் பக்கத்து வண்டிகள் மறையும்,
பிறகு விளக்குக் கம்பம்,
கடைசியாக இறைச்சித் தள்ளுபடி அறிவிப்பு.
எல்லாம் வெளுத்துவிட்டால் பதினைந்து நிமிடம் ஆகிவிட்டது.

தள்ளுவண்டிகளைக் கோத்து இழுத்துப்போகும் பையன்
ஒரு புதன்கிழமை கண்ணாடியைத் தட்டினான்.
அபராதம் என்று நினைத்தேன்.
காதிலிருந்து குல்லாயைத் தூக்கிக் கேட்டான்:
"அது எப்படி முடியும்?
தினமும் அந்த ஏறுகிற இடத்தில் விட்டுவிட்டுப் போகிறீர்கள்.
மீதியை நானே போட்டுக்கொள்கிறேன். சரியாக வரவில்லை."

எனக்கும் தெரியாது என்றேன்.
உண்மைதான். அந்த இடத்தில் எப்போதும் மணி ஆகிவிடும்.
கடைசிப் பக்கம் கடையில் வாங்கியபடியே
மொடமொடவென்று இருக்கிறது.
"நீ போடும் மீதி?"
விசிலடித்துக் காட்டினான்.
சரியாகத்தான் வரவில்லை.
ஆனால் நடுவில் ஒரு வளைவு,
முப்பது தள்ளுவண்டி ஒன்றாகத் திரும்புவதுபோல்.
அதைத் தேடி விரல்கள் மூன்று முறை தடவின,
நான்காம் முறை கிடைத்தது.

அன்று ஆறு நிமிடத் தாமதம்.
ஆசிரியை சாவியோடு வாசலில்.
மன்னிப்புக் கேட்டேன், நாணல் இன்னும் கன்னத்துக்குள்.
யொஹாங்கா பின்னிருக்கையில் ஏறி
ஈரக் கண்ணாடியில் விரல் வைத்தாள்.
"அம்மா, காருக்குள்ளேயா மழை பெய்தது?"
"கொஞ்சம்."

வீட்டு வாசலில் இறங்கும்போதுதான் பார்த்தேன்.
அட்டையில் இன்னும் நாலு மணி.