சுவை: ஐந்துக்கு எத்தனை

படிவம் ஒரே பக்கம்.
கீழே என் கையெழுத்துக்கு ஒரு கோடு.
நடுவில் ஒரே கேள்வி, பன்னிரண்டு முறை:
சுவை, ஐந்துக்கு எத்தனை?

வோரு நகரத்துக்குத் தெற்கே, பைன் காட்டில்
பனி முழங்காலைத் தாண்டிவிட்டது.
இரவில் மைனஸ் இருபத்திரண்டு.
நாற்பத்தொரு பேரிடம் இதை நிரப்பி வாங்கி
தாலினுக்கு அனுப்ப வேண்டியவள்
சப்ளை கார்ப்பரல் லேலோ, அதாவது நான்.
எல்லோருக்கும் பென்சில் கொடுத்தேன்.
பேனாவுக்குள் மை கல்லாகிக் கிடந்தது.

ஒரு பெட்டி, ஒரு ஆள், ஒரு நாள்.
ஒன்றரைக் கிலோ.
காலாவதித் தேதி
நான் வீட்டுக்குப் போகும் தேதிக்கு
இரண்டு வருடம் அப்பால்.
பன்றி இறைச்சியும் பார்லியும் ஒரு தடித்த பையில்,
ஈரல் பசை ஒரு டப்பாவில்,
காமா மாவு ஒரு பொட்டலம்:
வீட்டில் அதை மோரில் கரைப்போம்,
இங்கே உருக்கிய பனியில்,
மிதக்கும் பைன் ஊசியோடு.

பசி ருசி அறியாது என்று சொன்னவன்
வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுச் சொல்லியிருப்பான்.
பசிக்குத்தான் தெரியும்,
நேற்றைய பார்லியில் மிளகு இருந்ததும்
இன்றைக்கு இல்லாததும்.

தாவெத் எழுதினான்:
ஈரல் பசை. ஸ்கீ பலகையின் அடியில் தடவினேன்.
அருமையாக வழுக்குகிறது. ஐந்து.

விர்வே எழுதினாள்:
கரண்டி முதல் நாளே உடைந்தது.
பிஸ்கட் மூன்றாம் நாளும் உடையவில்லை.
இரண்டையும் ஒரே தொழிற்சாலையில் கொடுங்கள்.

படிவத்தில் கேட்காதவை நிறைய.
காவல் குழியில் ஒரு பொட்டலம் கிழிந்தால்
ஆற்றின் அக்கரைக்குக் கேட்கும்;
ஆகவே பகலிலேயே, தூக்கப்பைக்குள் தலையை விட்டு
திருடர்கள் போல எல்லாவற்றையும் பிரித்து வைக்கிறோம்.
மூன்று நாளாக
மண்வெட்டி கேட்டு ஒருவரும் என்னிடம் வரவில்லை.
அந்தப் பிஸ்கட்டின் வேலை.
இதற்கு எத்தனை போடுவது?

ஹெய்கோ மட்டும் எல்லாக் கட்டத்திலும் ஐந்து போட்டான்.
அவன் எதையும் தின்னவில்லை,
சாக்லெட்டைத் தவிர.
மற்றதெல்லாம் சிகரெட்டாக மாறிவிட்டது.

கடைசி இரவு
சதுப்பின் மேல் படிந்த பனிக்கட்டி
அவனைத் தாங்கவில்லை.
இடுப்பு வரை உள்ளே போனான்.
இழுத்துக் கரை சேர்த்தபோது
காற்சட்டை தகரம் போலத் தட்டியது.
வண்டி வர நாற்பது நிமிடம், என்றது ரேடியோ.

யார் முதலில் செய்தார்கள், நினைவில்லை.
சூடேற்றும் உறைக்குள் தண்ணீர் ஊற்றி
பார்லிப் பையைச் சொருகினோம்.
ஒன்று, மூன்று, ஏழு.
கொதிக்கக் கொதிக்க எடுத்து
காலுறைக்குள் போட்டு முடிந்து
அவன் அக்குளில், தொடையிடுக்கில், பாதத்தடியில்.
ஏழு பேருடைய இரவுச் சாப்பாடு
தூக்கப்பைக்குள் அவனோடு படுத்திருந்தது.
பல்லைக் கிட்டியபடி கேட்டான்:
"இதில் மிளகு போட்டது எது?"

வண்டி வந்து அவனை ஏற்றிப் போனது.
பைகளை மட்டும் திருப்பிக் கொடுத்தான்.
வெதுவெதுப்பு மிச்சம் இருந்தது.
வட்டமாக நின்று,
இரண்டு உடையாத கரண்டிகளைக் கைமாற்றிக்கொண்டு
ஒருவரும் பேசாமல் தின்றோம்.
தாவெத் தன் படிவத்தை என்னிடம் கேட்டு வாங்கி
பார்லிக்கு நேரே இருந்த இரண்டை அடித்துவிட்டு
எழுதினான்:
ஹெய்கோவின் கால் மணக்கிறது. நான்கு.

விடியும்போது என் படிவத்தை நிரப்பினேன்.
கட்டங்களில் என்ன போட்டேன் என்பது முக்கியமில்லை.
ஓரத்தில், இடம் கிடைத்தவரை, எழுதினேன்:

பார்லிப் பை
நாற்பது நிமிடத்துக்கு மேல் சூடு தாங்குகிறது.
செலவைக் குறைக்கிறேன் என்று
அதன் தடிமனைக் குறைக்காதீர்கள்.

உப்பு இன்னும் கொஞ்சம் போடலாம்.