சீருடை திருத்தும் கடை

அந்த ஆண்டு பெப்ரவரியில்
மணல் நிறத் துணி மூட்டை மூட்டையாக வந்தது.
எதுவும் முடிவாகவில்லை என்று
அமைச்சர்கள் தொலைக்காட்சியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.
ஃபயெட்வில்லில், அடகுக் கடைக்கும் டோனட் கடைக்கும் நடுவே,
எங்களுக்கு முடிவு தெரிந்திருந்தது.
காட்டுக்குப் போகிறவன் மணல் நிறம் கேட்கமாட்டான்.

பெயர்ப்பட்டி தைக்க மிஸஸ் பியோன் மூன்று டாலர் வாங்குவாள்.
அவசரம் என்றால் ஐந்து.
அந்த மாதம் எல்லாமே அவசரம்.
ஹென்ட்ரிக்ஸ், ஓர்ட்டிஸ், வாஷ்பர்ன், இன்னொரு ஓர்ட்டிஸ்.
இடது நெஞ்சில் படையின் பெயர், வலது நெஞ்சில் பையனின் பெயர்.
திருவிளங்கநாயகி எந்தப் பட்டியிலும் அடங்காது.
கடையில் நான் வெறும் 'டீ'.

பக்கத்து எந்திரத்தில் லெத்தெப்ரஹான், அஸ்மராக்காரி.
அவள் தம்பியைப் பாலைவனத்தில்
ஒரு கப்பல் கொள்கலனுக்குள் வைத்துப் பூட்டி
அப்போது இரண்டு வருடம்.
குண்டூசிகளை வாயில் கவ்வியபடி ஒருநாள் கேட்டாள்:
"எங்கள் ஊருக்கென்றால் எந்த நிறம் தைப்பார்கள்?"
நாங்கள் யோசித்துப் பார்த்தோம்.
செம்மண், என்றாள் அவளே. கொஞ்சம் சாம்பல்.
அந்த நிறத்தில் மூட்டை வந்ததே இல்லை.

"அங்கே கொடுமை எல்லை மீறிவிட்டது"
என்றார் தொலைக்காட்சியில் ஒருவர்.
லெத்தெப்ரஹான் கழுத்தில் தொங்கிய நாடாவை எடுத்து
திரைக்கு நேரே நீட்டிப் பிடித்தாள்:
"எத்தனை அங்குலத்தில் எல்லை?"
மிஸஸ் பியோன்கூடச் சிரித்துவிட்டாள்.

ஐந்து வருடம் கழித்து நவால் வேலைக்கு வந்தாள்.
ஊர் பஸ்ரா.
நாங்கள் தைத்த மணல் நிறம் அவள் தெருவுக்குத்தான்
போயிருக்க வேண்டும்; யாரும் அதைப் பேசவில்லை.
ஒரு மதியம் லெத்தெப்ரஹான், பொறாமையோடுதான், சொன்னாள்:
"உங்களுக்காவது வந்தார்கள்."
நவாலின் எந்திரம் நின்றது.
"வந்தார்கள்" என்றாள்.
எழுந்து போனாள். குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம்
வெகுநேரம் கேட்டது.
மறுநாள் பேரீச்சை வைத்த பிஸ்கட் ஆறு
லெத்தெப்ரஹானின் எந்திரத்தின்மேல் இருந்தன.
இருவரும் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளவில்லை. தின்றார்கள்.

பிறகு அந்த மே மாதம்.
கடற்கரையிலிருந்து என் தங்கச்சி, யாருடையதோ போனில்:
"கப்பல் வருதாம் அக்கா. அமெரிக்கக் கப்பல்.
எல்லாரும் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கினம்.
நீதானே அவங்கட உடுப்புத் தைக்கிறாய்,
ஒருக்காக் கேட்டுச் சொல்லு."

கேட்டேன்.
முக்காலியில் ஒரு கர்னல் நின்றார், நல்ல மனிதர்,
கால்மடிப்புக்கு நான் சோக் போட்டுக்கொண்டிருந்தேன்.
கீழிருந்தே கேட்டேன்.
"கப்பலென்றால் கடற்படை, மேடம்" என்றார் முதலில்.
பிறகு குனிந்து: "எந்தக் கடற்கரை?"
எழுத்தெழுத்தாகச் சொன்னேன். இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார்,
இரண்டு தரமும் நாக்கு வழுக்கிற்று.
"எங்களுக்கு அங்கே ஒன்றும் இல்லை" என்றார்,
மிகவும் மென்மையாக.

படை ஒன்றும் இல்லை என்கிறார், என்று நினைத்தேன்.
அன்றிரவு பஸ்ஸில், கடைசி இருக்கையில்,
அதே வாக்கியம் இன்னொரு பக்கமாகத் திரும்பியது.

அவர் கால்சட்டையை அரை அங்குலம் குட்டையாகத் தைத்தேன்.
வேண்டுமென்றுதான்.
குறை சொல்லாமல் காசு கொடுத்துப் போனார்.
அந்த எண்ணை நான் ஆவணி வரை அழைத்துப் பார்த்தேன்.

இப்போது எல்லா நாட்டுக்கும் ஒரே துணி.
பச்சை, பழுப்பு, கொஞ்சம் மணல், எல்லாம் கலந்தது.
மூட்டையைப் பார்த்து எதையும் சொல்ல முடிவதில்லை,
மிஸஸ் பியோனுக்கு அதில் நிம்மதி.
லெத்தெப்ரஹான் மட்டும், மூட்டை பிரிக்கும்போதெல்லாம்,
ஒரு முனையைச் சன்னலுக்குக் கொண்டுபோய்
வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள்,
எங்காவது சிவப்பு இருக்கிறதா என்று.
இருந்துவிடக் கூடாதே என்று
நவால் தலை நிமிராமல் தைக்கிறாள்.