பட்டும் படாமலும்

ஐம்பது தோட்டா, ஒரு பெட்டி.
பலகையில் துளையிட்டு
வரிசையாய்ச் செருகிய தீக்குச்சிகள்.
இடையில் இருபத்தைந்து கெஜம்,
மொன்டானாவின் நவம்பர்,
கவுன்டி கைவிட்டுப்போன சரளைக் குழி.

நான் ஆர்டிஸ் ஹால்வர்சன்.
பகல் முழுக்கச் சாலையைச் சமன்செய்யும்
மஞ்சள் வண்டி ஓட்டுகிறவள்.
இறங்கி ஒரு மணி நேரம் ஆன பின்னும்
என்ஜின் என் மணிக்கட்டுக்குள் ஓடிக்கொண்டிருக்கும்.
அது அடங்கும்வரை துப்பாக்கியைத் தொடமாட்டேன்.
பிக்கப்பின் பின்பலகையில் உட்கார்ந்திருப்பேன்,
ஓர்வல் ட்வைட் இந்த வருஷம்
கன்றுகள் போன விலையைச் சொல்லிப்
புலம்பி முடிக்கும்வரை.

கோடையில் சீட்டை அறுத்தேன்.
விளிம்பு மட்டும் தெரிய நிறுத்திய இஸ்பேட் ஏழு.
குறிநோக்கியில் அது ஒரு மயிர்.
காற்று வந்தால் மயிரும் இல்லை.
மூன்றாவது சனிக்கிழமை
ஏழு, மூன்றும் நான்குமாகப் பிரிந்தது.

அப்புறம் கண்ணாடி.
துப்பாக்கியைத் தோளில் திருப்பிப் போட்டு
பவுடர் டப்பியின் வட்டத்துக்குள் குறிபார்ப்பது.
இடம் என்றால் வலம்.
வலம் என்றால் என் காது, காதில் அம்மாவின் தோடு.
செப்டம்பர் முழுக்க மண்மேட்டைத்தான் சுட்டேன்.
மேடு அப்படியே இருக்கிறது.

தீக்குச்சி வேறு சங்கதி.
எங்கே உரசினாலும் பற்றுகிற ரகம்,
சிவப்புத் தலையில் வெள்ளைப் பொட்டு.
நேராக அடித்தால் தலை போகும், தீ வராது.
விலகினால் தலை நிற்கும், தீ வராது.
முன்கோபக்காரன் தோளில்
யாரோ இடித்தும் இடிக்காமலும் போவதுபோல்
ஈயம் அதைக் கடக்கவேண்டும்.
பட்டும் படாமலும்.
மற்றதைக் குச்சியே பார்த்துக்கொள்ளும்.

ஓர்வலுக்கு இடக்காது கேட்காது.
இந்தச் சின்னத் துப்பாக்கி அவருக்கு
எங்கோ யாரோ சுள்ளி ஒடிக்கிற சத்தம்.
என் முகத்தைப் பார்த்துத்தான்
பெட்டி மூடியில் பென்சிலால் இழுப்பார்.
தலை போனால் படுக்கைக்கோடு,
விலகினால் நெடுங்கோடு.
தீ பற்றினால் என்ன குறி என்று
இன்னும் யோசிக்கவில்லையாம்.

"தப்பிடுச்சா?"
தப்பிடுச்சு.
தப்பு என்னுடையது,
தப்பித்தது குச்சி.

முப்பது. முப்பத்தொன்று.
மூச்சைப் பாதி விட்டு, மீதியைப் பிடித்தால்
நாடி வந்து குறுக்குக்கம்பியை அசைக்கிறது.
துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவே
ஒரு காலி இடம் உண்டு.
அங்கே விரல் இருக்கவேண்டும்,
நான் இருக்கக் கூடாது.

நாற்பத்துநான்காவதுக்கு முன்
கிடாரி ஒன்று வேலி தாண்டிவிட்டதென்று
ஓர்வல் வாசற்படல் பக்கம் ஓடினார்.

சுட்டேன்.

முதலில் புகை என்று நினைத்தேன்.
பிறகு வட்டத்துக்குள் மஞ்சளாய்,
கிழக்கே சாய்ந்து, சத்தமே இல்லாமல்,
என் சுண்டுவிரல் நகம் அளவுக்கு.
கத்தவில்லை.
கத்தினாலும் அவருக்குக் கேட்காது.
கத்தியிருக்கலாம்.
குச்சியில் கால்வாசி இறங்கியதும்
காற்று அதை எடுத்துக்கொண்டது.

கிடாரியைத் திட்டிக்கொண்டே வந்தார்.
"எத்தனையாவது?"
நாற்பத்துநான்கு என்றேன்.
என் முகத்தை ஒருமுறை பார்த்தார்,
நெடுங்கோடு போட்டார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. ஏனென்று தெரியாது.

பலகையை எடுத்துவரப் போனவர்
கரிந்த தலையை விரலால் தொட்டார்,
விரலைப் பேண்ட்டில் துடைத்தார்,
மெதுவாகத் திரும்பி நடந்து வந்தார்.
காதிடுக்கிலிருந்து பென்சிலை எடுத்து
அந்த நெடுங்கோட்டின் உச்சியில்
ஒரு புள்ளி வைத்தார். அவ்வளவுதான்.

மீதி ஆறு தோட்டாவுக்கும்
பதினைந்து அடியில் காப்பி டின் ஒன்றை நிறுத்தினோம்,
சத்தமாவது கேட்கட்டும் என்று.
கை என் பேச்சைக் கேட்கவில்லை.
இரண்டுதான் பட்டது.
மற்ற நான்குக்கும் கோடு உண்டு.