மூன்றாம் சுற்று

இந்தப் பெட்டியைக் கவிழ்த்து வைத்தால்தான்
குறுந்தகடு சுழலும்.
நேராக வைத்தால் கருப்புத் திரை,
ஒரு விக்கல், அவ்வளவுதான்.
இக்கிக்கே துறைமுகத்தின் தீர்வையில்லாக் கடைத்தெருவில்
மூன்றாம் கையாக வாங்கியது.
விற்றவன் அப்போதே சொன்னான்:
தலைகீழாய் நின்றால் இன்னும் பத்து வருஷம் உழைக்கும்.
பதினேழு ஆகிறது.

சனிக்கிழமை ஒன்பதரைக்கு நிபால்தோ வருவான்,
மகளை அழைத்துப்போக.
ரயென் அப்போது ஒற்றை ஷூவோடுதான் இருப்பாள்.
மற்றொன்று கட்டிலுக்கடியில்,
அல்லது குளியலறையில்,
அல்லது சொல்லமாட்டாள்.
அந்தக் கால்மணி நேரம்
வாசலில் நின்று வானத்தைப் பார்ப்பான்.
மழையே பெய்யாத ஊர் இது.
பெய்யாத மழையை
எத்தனை வாரம்தான் பேசுவது?

"ஒரு ஆட்டம்?" என்றேன்.
ஏன் கேட்டேனோ.

பட்டியல் முழுக்க ஜப்பானிய எழுத்து.
மேலிருந்து மூன்றாவது, இருவர் ஆட்டம்.
நான்காவதைத் தொட்டால் சேமித்ததெல்லாம் அழிந்துபோகும்.
தொட்டுத்தான் தெரிந்துகொண்டோம்,
கல்யாணமான புதிதில்.

தலைமுடி தீப்பிடித்தாற்போல் நிற்கும் பையன் அவனுக்கு.
ஒரு கண்ணைத் துணியால் கட்டிய
பள்ளிச் சீருடைக்காரி எனக்கு.
இதே இரண்டு பேரை
மாலை ஐந்தரைக்குத் தொலைக்காட்சியில்
அவன் வீட்டில் அவனும் என் வீட்டில் நானும்
பார்த்து வளர்ந்தோம், அறிமுகமாகும் முன்பே.

கீழே, சாய்வாக, முன்னே, சதுரம்.
என்னைக் கேட்காமலே விரல் போகிறது.
அவனிடம் இருப்பது இரண்டாம் கன்ட்ரோலர்,
வட்டப் பொத்தான் அழுந்தினால் எழாது.
காபியைக் கொட்டியவள் நான்.
அதைப் பற்றி அவன் ஒன்றும் சொன்னதில்லை.
விவாகரத்து மனுவிலும் சொல்லவில்லை.

அந்த உலகத்தில் ஒரு நியாயம் உண்டு:
பெரிய அடி அடிக்குமுன்
அடியின் பெயரை உரக்கக் கத்தவேண்டும்.
திரை இருளும், முடி பறக்கும்,
எதிரே நிற்பவருக்குக் கை உயர்த்தித் தடுக்க
அரை நொடி கிடைக்கும்.
என்ன பெயர் என்று எங்கள் இருவருக்கும் தெரியாது.
எப்போது என்று தெரியும்.
நீ மட்டும் ஏன் நிபால்தோ,
அந்த மார்ச் மாதம்
ஒரு சத்தமும் போடாமல்

நானும்தான்.
நானும் கத்தவில்லை.

முதல் சுற்று அவனுக்கு.
இரண்டாவதில் மூலையில் தள்ளித்
திரும்பத் திரும்பக் காலை வாரினேன்.
"யஸ்னா, இது கள்ளாட்டம்."
பதினேழு வருஷமாய் இதே வார்த்தை.
சிரித்தானா தெரியாது, என் கண் திரையில் இருந்தது.

மூன்றாவதில்
இருவர் உயிர்க்கோடும் நூலளவு.
அவன் பையன் பின்வாங்கி, கை ஓங்கி,
வாயைத் திறக்கிறான்.
அங்கேயே நின்றுவிட்டது எல்லாம்.

என் கன்ட்ரோலரின் நடுப்பொத்தான் மேல்
ஒரு சின்ன விரல்.
இரண்டு ஷூவும் போட்டிருந்தாள், முடிச்சும் போட்டு.
எவ்வளவு நேரமாய் நிற்கிறாள்?
"மீதியை நாளைக்கு முடியுங்கள்.
போகலாம்பா."

நான் அணைக்கவில்லை.
எடைமேடையில் இரவு வேலை முடித்து வந்தபோது
இருட்டு வீட்டில் அந்த வாய்
இன்னும் திறந்தே இருந்தது.
பெட்டியின் வயிற்றில் கை வைத்தேன்,
காய்ச்சல் பிள்ளையின் நெற்றிச் சூடு.
மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பினேன்.
மின்கட்டணத்தை மாதக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு பொத்தானை அழுத்தி ஒரு உதை விட்டால்
ஆட்டம் என்னுடையது. யார் பார்க்கப்போகிறார்கள்?
விரல் வைத்தேன்.
எடுத்தேன்.

ஞாயிறு மாலை,
மூடுபனி மணல்மேட்டிலிருந்து இறங்கும் நேரம்,
படிக்கட்டில் ஒரு குதிக்கும் காலடி,
அதன் பின்னால் ஒரு கனத்த காலடி.
வழக்கமாய்க் கீழ்த்தளத்திலேயே நின்றுவிடும் காலடி அது.

நான் ஈரத் துணியால்
இரண்டாம் கன்ட்ரோலரின் வட்டப் பொத்தானைத்
துடைத்துக்கொண்டிருந்தேன்.