பின்சுவர், சோஹார்

அட்டையில் பனி பெய்யும் படம்.
மைனஸ் இருபத்தைந்து வரை தாங்கும் என்று
எந்த நாட்டுத் தோட்டக்காரனோ
சத்தியம் செய்திருந்தான்.
"இங்கே பிளஸ் கணக்கு சொல்லுங்க" என்றேன்.
நர்சரி வஹீத் சிரிக்கவில்லை.
வெள்ளை ஐஸ்பெர்க்கை ஒதுக்கினார்.
டான் ஜுவானைத் தூக்கிப் பார்த்து
"இவன் மே மாசம் வரைக்கும்தான் காதலிப்பான்" என்றார்.
மூலையில் ஒரு தொட்டி,
பேர்ச்சீட்டு வெயிலில் வெளுத்துப்போனது.
"இது ரெண்டு தடவை செத்தது.
வேணும்னா எடுத்துக்கோ. ஒன்றரை ரியால்."

கடலிலிருந்து உப்பைப் பிரிக்கும் ஆலையில்
எனக்கு ஆய்வகச் சம்பளம்.
எதைக் கண்டாலும் கருவியை முக்கிவிடுவேன்.
குழாய்த் தண்ணீர் நூற்றெண்பது.
லாரித் தண்ணீர் ஆயிரத்து எழுநூறு,
இலை நுனியெல்லாம் தீய்ந்துவிடும்.
மாடி ஏசியின் பின்குழாயில் சொட்டுவது
பதினொன்று.
பதினொன்று!
மேகத்துக்குக்கூட இந்தக் கை வராது.

கொடி ரோஜா என்கிறோம். கொடி இல்லை அது.
பாகலுக்குச் சுருள்விரல் உண்டு,
அவரைக்கு முறுக்கிக்கொள்ளும் உடம்பு.
இதற்கு ஒன்றும் கிடையாது.
நீளும், நீண்டு சாயும்,
சாய்ந்த இடத்தை முள்ளால் குத்திப் பிடிக்கும்.
இது ஏறுவதென்றால்
யாராவது கட்டிவிட வேண்டும்.

தேரெல்லாம் தேடவில்லை.
முன்பு குடியிருந்தவர் விட்டுப்போன டிஷ் ஆன்டெனா,
அதன் துருப்பிடித்த கையில் சணல் போட்டேன்.
நிமிர்த்திக் கட்டினால் நுனியில் ஒரு பூ.
படுக்கவைத்துக் கட்டினால் கணுவுக்குக் கணு மொட்டு.
இதில் நீதி ஒன்றுமில்லை,
சாறு ஓடுகிற விதம் அப்படி.

மாடியில் ஆறு பேர்,
துறைமுகத்துக் கிரேன் வேலை.
கட்டில் மூன்று.
ஒருவன் எழுந்த சூட்டில் இன்னொருவன் படுப்பான்,
அதனால் அந்த ஏசிக்கு உறக்கமே இல்லை.
வாளியில் விழுவது அந்த அறையின் ஈரம்:
ஆறு பேர் மூச்சு, காயாத துண்டு,
சோறு வெந்த ஆவி,
வீடியோ காலில் தாழ்த்திப் பேசிய பேச்சு,
குளிர்ந்த கம்பியில் பட்டுத் திரண்டு
இந்த வேருக்கு வருகிறது.
இதை அவர்களிடம் சொன்னதில்லை.
சிரிப்பார்கள்.

ஜூலையில் நாற்பது நாள் விடுப்பு.
சிலிண்டரை மூடினேன், மெயினை அணைத்தேன்.
மூன்றாவது சாவுக்கு
மனசைத் தயார் செய்துகொண்டு விமானம் ஏறினேன்.

திரும்பி வந்தபோது
இலை பாதி கருகியிருந்தது.
தண்டை நகத்தால் கீறினேன்: பச்சை.
வாளியின் அடியில் ஆணித்துளை ஒன்று,
சொட்டுச் சொட்டாக மண்ணுக்கு.
அது என் யோசனை அல்ல.
ஆன்டெனாவைத் தாண்டி இரண்டு கிளைகள்
மாடி ஜன்னல் கம்பியில் கிடந்தன,
நீலநிற அடையாள அட்டைப் பட்டைகளால் கட்டி.
ஒன்றில் பிளாஸ்டிக் உறை இன்னும் தொங்கியது,
உள்ளே வெறுமை.

பட்டுராஜன்தான் சொன்னான்:
"முள்ளு ஜன்னலுக்குள்ள வந்துச்சுக்கா,
வெட்டத்தான் கத்தி எடுத்தோம்.
அன்னிக்கு சௌரிக்குக் கான்ட்ராக்ட் முடியுது.
கார்டை ஆபீசுல வாங்கிக்கிட்டானுங்க,
பட்டையை மட்டும் கையில வச்சுக்கிட்டு நின்னான்.
அப்புறம் கட்டிட்டான்.
நாங்களும் பழசு கிடந்துச்சேன்னு..."
மீதியைச் சொல்லாமல்
ஷிஃப்ட் வண்டிக்கு ஓடினான்.

நவம்பரில் பூத்தது.
சிவப்பென்று நினைத்திருந்தேன்,
பால் குறைந்த தேநீர் நிறம்.
படத்தை வஹீத்திடம் காட்டினேன்.
"பேர் தெரியாது" என்றார்,
விலையைக் குறைத்துச் சொல்லிவிட்டோமோ என்ற முகத்தோடு.

பூக்கள் திரும்பியிருப்பது மாடி ஜன்னல் பக்கம்.
கீழிருந்து எனக்குத் தெரிவது
காம்பும் பச்சைப் புல்லியும்தான்.

நேற்று மறுபடி சொட்டை அளந்தேன்.
பன்னிரண்டு.
கருவி பழசு.
அல்லது சௌரியின் கட்டிலுக்கு
ஆள் வந்திருக்கிறான்.