கெண்டை

மூன்று மணி பத்து.
வார்டோவின் டிசம்பர் இருட்டுக்கு
விடியும் உத்தேசமே இல்லை.

ராங்ஃப்ரிட்டின் இடது கெண்டைக்காலில்
மீன் துள்ளுகிறது.

இருபத்தெட்டு வருஷம் ஆலையில்
காட் மீன் அறுத்தவள்.
கத்தி எங்கே இறங்கும், முள் எங்கே விலகும்,
கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள்.
இந்த ஒன்றைத்தான் பிடிக்கத் தெரியவில்லை.

சனியனே, என்று குதிகாலைச்
சில்லிட்ட தரையில் ஊன்றி
ஃப்ரிட்ஜைப் பற்றிக்கொண்டு நிற்கிறாள்.
அதற்குள்தான் இருக்கிறது,
ஊறப்போட்ட ஹெர்ரிங் ஜாடியை ஒட்டி,
எலும்புக்கு உரமேற்றும் ஊசி.
தினம் ஒன்று, தொடையில்.
இருநூற்றுப் பன்னிரண்டு ஆகிவிட்டது.

மணிக்கட்டு முறிந்தது
தபால்பெட்டிக்குப் போன வழியில், பனிக்கட்டியில்.
முதுகெலும்பில் ஒன்று நொறுங்கியது
எப்போதென்று அவளுக்கே தெரியாது.

மருந்துக்கடை ஐவார் தாளை விரித்து
வாசித்துக் காட்டினான்:
கால் பிடிப்பு வரலாம்.
வரலாமாம்!
ஞாயிற்றுக்கிழமை விருந்தாளியைச் சொல்வதுபோல்.

நிறுத்திவிடட்டுமா?
டாக்டரைக் கேட்காமல் வேண்டாம், என்றான்.
டாக்டர் கிர்க்கெனெஸில்.
வியாழக்கிழமை கூப்பிடுவார்.
இன்று சனி.

எதிர்வீட்டுச் சமையலறையிலும் விளக்கு.
குண்ட்வோர்.
அதே ஆலை, பக்கத்து மேசை.
ஊசியைப் பற்றி இருவரும்
ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.
நாற்காலியைப் பிடித்தபடி
ஒரு காலை நீட்டி நீட்டி உதைக்கிற நிழல்
எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது.

அவளும் பார்த்துவிட்டாள்.
கையசைக்கலாம்தான்.

இரண்டு பேருக்கும்
கை ஒழியவில்லை.