மூன்று சொட்டு

அக்கராயன் பால் நிலையத்தில்
காலை ஆறரைக்கு முதல் கான் திறக்கும்.
மூடியைத் தூக்கி மூக்கைக் கிட்ட வைத்தால்
மாடு என்ன தின்றது, எப்போது கறந்தது,
நேற்றைய மிச்சம் கலந்திருக்கிறதா
எல்லாம் சொல்லிவிடுவேன்.
மானி பிறகு வந்து ஓமென்று சொல்லும்.

அது காய்ச்சலுக்கு முந்திய கதை.
இப்போது குனிந்தால்
கானுக்குள் வெள்ளையாய் ஏதோ இருக்கிறது.
அவ்வளவுதான்.
பத்துக் கான் தூக்கினால் பதினோராவதுக்கு முன்
இருக்க வேண்டியிருக்கிறது.

"உமக்கு என்ன குறூப்?"
சைக்கிளை விட்டு இறங்காமலே கேட்கிறார் பரஞ்சோதியண்ணை.
ஏ குறூப்காரரை அது லேசில் விடாதாம்.
ஓ குறூப் ஒரு தும்மலோடு தப்புமாம்.
தான் ஓ என்கிறார்,
ஏதோ தானே கறந்தெடுத்தது போல.
நிலையத்துப் படி மூன்றே மூன்று.
இரண்டாவதில் நின்று மூச்சு வாங்குபவரும் அவர்தான்.

வீட்டில் என்னிடம் இரண்டு துண்டுகள்.
பள்ளிக்கூடத்தில் நடந்த ஆசுப்பத்திரியில்
கொப்பித்தாளில் எழுதித் தந்தது: ஏ.
பெயர் பிழை, வயது சரி.
முகாமில் தந்த அட்டை: ஓ.
பெயர் சரி, வயது பிழை.
பன்னிரண்டு வருடம் ஒரே பைக்குள் கிடந்தன,
ஒன்றையொன்று மறுத்தபடி.

கிளிநொச்சிக்கு பஸ் ஏறினேன்.
மிதுஷா என்ற பிள்ளை விரலில் குத்தி
வெள்ளைத் தட்டில் மூன்று சொட்டு வைத்து
ஒவ்வொன்றிலும் மருந்து விட்டுக் கலக்கினாள்.
முதலாவது திரைந்தது,
பழுதான பால் அடுப்பில் திரைவதைப் போல.
நடுவில் உள்ளது அசையவில்லை.
மூன்றாவதும் திரைந்தது.
மூக்கில்லாமல் நான் வாசித்த முதல் சோதனை.

"ஏ பொசிட்டிவ், அக்கா."
"அப்ப அதுதான் காரணமோ?"
"அப்பிடி ஒண்டும் உறுதியாச் சொல்ல ஏலாது.
ரத்த அணு நூற்றிருபது நாள்தான் இருக்கும்.
காய்ச்சல் கண்ட ரத்தம் இப்ப உங்களிட்டை இல்லை."

காய்ச்சல் விட்டு இன்றைக்கு இருநூற்றுப் பன்னிரண்டு.
பிறகு யாருக்குக் களைக்கிறது?
புதிதாய் வந்த ரத்தத்துக்கு
கால் உளைவை யார் சொல்லிக்கொடுத்தது?

திரும்பி வரும் பஸ்ஸில்தான் விளங்கியது.
பள்ளிக்கூட வாங்கில் கிடத்தி
எனக்கு ஏற்றியது வேறொருவரின் ரத்தம்.
கையை நீட்டிவிட்டு, பஞ்சை அழுத்திப் பிடித்தபடி
வெளியே நடந்துபோன ஒருவர்.
ஆணா பெண்ணா தெரியாது.
முகாம் அட்டையில் பதிந்திருப்பது அவராக இருக்கலாம்.
அப்படியென்றால் இரண்டு துண்டும் சரி.

நூற்றிருபது நாளில் அவரும் முடிந்துபோயிருப்பார்,
நான் முட்கம்பிக்கு உள்ளே இருக்கும்போதே.
தண்ணீர் வரிசையிலோ, நித்திரையிலோ,
எந்த நாள் என்று தெரியாமல்.
நானோ இவ்வளவு காலமும்
ஒருவரைச் சுமந்து திரிவதாக எண்ணி
விரல் வெட்டினால்கூடக் கவனமாய்க் கட்டினேன்.

நேற்று குணேஸ் வீட்டுக் கானைத் திறந்தபோது
மண்ணெண்ணெய் மணந்தது.
யசோதரன் குனிந்து பார்த்து
பால்தான் அக்கா, நல்ல பால் என்றான்.
மானியும் அதையே சொன்னது.
ஊற்றச் சொல்லிவிட்டு
வெறுங்கானைக் கையில் வைத்துக்கொண்டு
கொஞ்ச நேரம் நின்றேன்.
பின்னால் வரிசையில் ஆட்கள்
என்ன, பழுதோ என்று கேட்டார்கள்.